மணவுறவும் படைத்துணையும்

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் ஒருநாள் மாலை, நான் அலுவலகத்திலிருந்து வீடு திரும்பியபோது, பதினைந்து வயதுடைய என் மகன் கணிப்பொறியின் முன்னே முகம் வாடி அமர்ந்திருந்தான். காரணம் வினவினேன். "சோழர் குலம் முடிந்துவிட்டது, அப்பா, ஆட்டமும் முடிந்தது" என்றான். பகைவர் படையெடுத்து வந்தனரோ என்று கேட்டேன். "இல்லை, நாடு அப்படியே இருக்கிறது. பேரன்தான் அரியணையில் இருக்கிறான். ஆனால் அவன் சோழன் இல்லையாம்" என்றான்.

அவன் ஆடிக்கொண்டிருந்தது 'குரூசேடர் கிங்ஸ்' என்னும் வரிசையில் மூன்றாவதாக வந்த விளையாட்டு. சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் உள்ள பாரடாக்ஸ் நிறுவனத்தார் இவ்வரிசையில் முதலாவதை 2004ஆம் ஆண்டிலும், இரண்டாவதை 2012ஆம் ஆண்டிலும், மூன்றாவதை 2020ஆம் ஆண்டிலும் வெளியிட்டனர். இரண்டாவது விளையாட்டிற்கு 2014ஆம் ஆண்டு வந்த ஓர் இணைப்பு, ஐரோப்பாவையும் அதனை அடுத்த நாடுகளையும் காட்டிய நிலப்படத்தில் இந்தியாவையும் சேர்த்தது. மூன்றாவதிலோ தொடக்கம் முதலே நம் நாடு உண்டு. 1066ஆம் ஆண்டில் தொடங்கிச் சோழ நாட்டை ஏற்று நடத்த முனைந்தான் என் மகன்.

கலம்பகமும் பரணியும் காப்பியமும் ஆராயப்பெறும் மலரில் கணிப்பொறி விளையாட்டிற்கு என்ன இடம் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும், குடும்பம் என்பது யாது, உறவினர் என்போர் யாவர், பெண் கொடுப்பதும் எடுப்பதும் எதன்பொருட்டு என்னும் செய்திகளை நம் பிள்ளைகளுக்கு நாள்தோறும் மணிக்கணக்கில் சொல்லிக் கொடுக்கும் ஒரு படைப்பை, ஒரு புதினத்தை ஆராய்வதுபோலவே ஆராய வேண்டும் என்பது என் துணிபு.

விளையாட்டின் இயல்பு

போர் விளையாட்டுகள் பலவற்றில் அரசன் வெறும் கொடியாகவே இருப்பான், நாடே பாத்திரம். இங்கோ குடும்பமே பாத்திரம். நாம் ஏற்று நடத்தும் அரசன் மூப்படைவான், நோயுறுவான், இறப்பான். இறந்ததும் அவனுடைய வழித்தோன்றலாக நாம் ஆட்டத்தைத் தொடர்வோம். மகன் அறிவிலியாக இருப்பினும், தம்பி பகைவனாக இருப்பினும் அவர்களோடுதான் வாழ்ந்தாக வேண்டும். இஃது இவ்விளையாட்டின் பெருஞ்சிறப்பு. அரசியலை வீட்டுக்குள்ளிருந்து பார்க்கும் பார்வை, வரலாற்று நூல்கள் பலவற்றிலும் காணக் கிடைக்காதது.

இதில் படைத்துணையைப் பெறும் முதன்மையான வழி மணவுறவே. ஓர் அரசன் தன் மகளையோ மகனையோ உடன்பிறந்தாரையோ வேறோர் அரசன் வீட்டில் மணமுடித்துக் கொடுத்தால், இரு வீட்டாரிடையே படைத்துணை உடன்பாடு பிறக்கிறது. குழந்தைப் பருவத்தில் நிச்சயம் மட்டும் செய்துவைத்தாலும் போதும். ஒருவர் போருக்கு அழைத்தால் மற்றவர் வரவேண்டும். வர மறுப்பவர் பெருமையை இழப்பார், உடன்பாடும் முறியும். துணை கிடைத்தது என்று மகிழ்வோர், சம்பந்தியின் போர்களும் தம் வாசலுக்கு வந்து சேரும் என்பதைப் பின்னரே உணர்கின்றனர். மிகவும் உண்மையான நுட்பம் இது.

பெண் கேட்டுத் தூது விடும்போது எதிர்வீட்டார் இசைவார்களா மாட்டார்களா என்பதற்குரிய காரணங்கள், கூட்டற்குறியும் கழித்தற்குறியும் இட்டு வரிசையாகத் திரையில் தோன்றும். படைத்துணை வேண்டும் என்பதற்கு இத்தனை, குலத்தகுதி குறைவு என்பதற்கு இத்தனை என்று கூட்டிக் கழித்து விடை சொல்லப்படும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக மைய அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்ந்துவரும் எனக்கு அத்திரை அயலானதாகத் தோன்றவில்லை. நாங்கள் எழுதும் குறிப்புத்தாளும் அவ்வாறு இருப்பதே. பெண் பார்க்கப் போகும் நம் வீடுகளில் வாய்விட்டுச் சொல்லாமல் மனத்துக்குள் போடும் கணக்கும் அதுவே. அதனை வெளிப்படையாக எழுதிக் காட்டிய துணிவைப் பாராட்டலாம்.

ஆயினும் இக்கணக்கில் இரண்டு விதிகள் உள்ளன. அவற்றின்மேல்தான் என் மகனுடைய சோழநாடு கவிழ்ந்தது.

முதல் விதி: பிறக்கும் குழந்தை ஒரே ஒரு குலத்தைத்தான் சேரும். வழக்கமான மணமாயின் தந்தையின் குலம். தனியே 'தாய்வழி மணம்' என்று குறித்துச் செய்தால் தாயின் குலம். இரண்டும் சேர்ந்த நிலை இல்லை. இரண்டாம் விதி: மணமக்களுள் ஒருவர் இறந்துபட்டால், அம்மணத்தால் பிறந்த படைத்துணையும் அற்றுப்போகும். துணை வேண்டுமானால் மீண்டும் ஒரு பிள்ளையைத் தேடி, மீண்டும் ஒரு மணம் பேச வேண்டும்.

என் மகனுடைய சோழ அரசனுக்கு ஒரே மகள். வேங்கி நாட்டுப் படை வேண்டி, அவளை அந்நாட்டு இளவரசன் ஒருவனுக்கு வழக்கமான முறையில் மணமுடித்தான். அரசன் இறந்தான், மகள் அரசியானாள், அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். அம்மகன் தந்தையின் குலத்தவன் என்று பதிவாயிற்று. அரசியும் இறந்தாள். நாடு அம்மகனுக்குப் போயிற்று, சோழர் குலத்தில் அரசாள்வோர் இல்லை, ஆட்டம் முடிந்தது.

இதில் வியப்பு யாதெனில், ஏறத்தாழ இதே நிகழ்ச்சி நம் வரலாற்றில் உண்மையாகவே நடந்துள்ளது. அங்கே ஆட்டம் முடியவில்லை.

அக்கணக்குப் பிறந்த மண்

விளையாட்டை ஆக்கியோர் மீது பழி கூறுமுன், அவர்கள் எந்த வரலாற்றிலிருந்து இவ்விதிகளை எடுத்தனர் என்று காண்பது முறை.

பிரான்சு நாட்டின் தென்மேற்கில் இருந்த அக்குவித்தேன் பெருநிலத்தின் உரிமையாட்டி எலினார், 1137ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசன் ஏழாம் லூயியை மணந்தாள். இரண்டு பெண்மக்கள் பிறந்தனர். 1152ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், கணவனும் மனைவியும் திருச்சபை விலக்கிய அளவுக்கு நெருங்கிய இரத்த உறவினர் என்று காரணம் காட்டி அம்மணம் செல்லாது என அறிவிக்கப்பட்டது. இரண்டு திங்களுக்குள், மே மாதத்தில், அவள் ஆஞ்சு நாட்டு என்றியை மணந்தாள். அவனோடு அவளுக்கு இருந்த இரத்த உறவும் அதனினும் தூரமானதன்று என்பது சுவையான செய்தி. அவன் 1154ஆம் ஆண்டு இரண்டாம் என்றியாக இங்கிலாந்தின் அரசனானான். ஒரு பெண்ணின் கைம்மாற்றத்தால் பிரான்சின் பெரும் நிலப்பரப்பு ஒன்று ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டிற்குச் சென்றது. இதனை விளையாட்டின் விதிகள் அச்சு அசலாகக் காட்டவல்லன.

அக்காலத் திருச்சபை ஏழு தலைமுறைக்குள் உறவுடையோர் மணந்துகொள்ளலாகாது என்று விதித்திருந்தது. 1215ஆம் ஆண்டு கூடிய நான்காம் இலாத்தரன் பேரவைதான் அதனை நான்கு தலைமுறையாகக் குறைத்தது. சட்டப்படி பார்த்தால், பெண் எடுத்த வீட்டிலேயே மறுபடியும் பெண் எடுத்தல் குற்றம். ஒவ்வொரு தலைமுறையும் புதிய சம்பந்தியைத் தேடியாக வேண்டும். மணம் முடிந்த தலைமுறையோடு துணை முடிவதாக விளையாட்டு கணக்கிடுவது, அம்மண்ணின் இவ்வழக்கத்தோடு பொருந்துகிறது.

குலக் கணக்கும் அவ்வாறே. இரண்டாம் என்றி தன் தாய் மட்டில்டாவின் வழியாகவே அரசுரிமை பெற்றான். அவள் முதலாம் என்றியின் மகள். மகள்வழிப் பேரன் பாட்டனின் அரியணையில் ஏறினான். ஆயினும் ஐரோப்பிய வரலாற்றாசிரியர்கள் நார்மன் குலம் முடிந்தது, ஆஞ்சுக் குலம் தொடங்கியது என்றே எழுதுகின்றனர். ஆகவே, என் மகனிடம் 'ஆட்டம் முடிந்தது' என்று சொன்னது அந்த எந்திரம் மட்டுமன்று. ஐரோப்பிய அரசகுல வரலாற்று மரபே அவ்வாறு சொல்லிற்று.

சோழரும் வேங்கியும்

இனி நம் வரலாற்றுக்கு வருவோம். முதலாம் இராசராசன் தன் மகள் குந்தவையை வேங்கி நாட்டுக் கீழைச் சளுக்கிய அரசன் விமலாதித்தனுக்கு மணம் செய்து கொடுத்தான். (பொன்னியின் செல்வன் படித்தோர் அறிந்த குந்தவை இராசராசனின் தமக்கை, இவளோ அத்தையின் பெயரைத் தாங்கிய மகள்.) இவர்களின் மகன் இராசராச நரேந்திரன். அவன் தன் தாய்மாமனாகிய முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்கையை மணந்தான். இவர்களின் மகனும் தன் தாய்மாமனாகிய இரண்டாம் இராசேந்திரனின் மகள் மதுராந்தகியை மணந்தான். அம்மகனே 1070ஆம் ஆண்டு சோழ அரியணையேறிய முதலாம் குலோத்துங்கன்.

மூன்று தலைமுறையாகச் சோழர் பெண் கொடுத்தனர், வேங்கியார் பெற்றனர். தாய் இறந்தாள், மாமன் இறந்தான் என்று அவ்வுறவு அறவில்லை. அடுத்த தலைமுறையின் மணத்தால் மீண்டும் தளிர்த்தது. 'குலோத்துங்கன்' என்பதற்குக் குலத்தை உயர்த்துபவன் என்பது பொருள். எந்தக் குலத்தை? தந்தைவழியில் அவன் சளுக்கியன். ஆயினும் செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் 'இராச பாரம்பரியம்' என்னும் பகுதியில் சோழ மன்னர் வரிசையைப் பாடி, அவ்வரிசையிலேயே அவனை வைக்கிறார். அவனுக்குப் பின் வந்தோர் சோழராகவே ஆண்டனர். மூன்றாம் இராசேந்திரனோடு 1279ஆம் ஆண்டில்தான் அம்மரபு மறைந்தது. பிற்கால வரலாற்றாசிரியர் இவர்களைச் சாளுக்கிய சோழர் என்று பிரித்துரைப்பதுண்டு. அவர்கள் காலத்து மெய்க்கீர்த்திகளோ அவர்களைச் சோழ வேந்தராகவே போற்றின. விளையாட்டின் கணக்குப்படி 1070இல் முடிந்திருக்க வேண்டிய ஆட்டம், இருநூற்றொன்பது ஆண்டுகள் மேலும் நடந்தது.

இவ்விடத்தில் மற்றொரு செய்தியும் நோக்கத்தக்கது. குலோத்துங்கனுக்கு முன் ஆண்ட வீரராசேந்திரன், தான் போரில் வென்ற மேலைச் சளுக்கியருள் ஒருவனாகிய ஆறாம் விக்கிரமாதித்தனுக்குத் தன் மகளைக் கொடுத்தான். இது விளையாட்டில் காணும் மணத்தைப் போன்றதே. பகையைத் துணையாக்கப் புதிதாகச் செய்த ஏற்பாடு. அத்துணை பொய்க்கவில்லை. வீரராசேந்திரன் மறைந்ததும் விக்கிரமாதித்தன் படையோடு காஞ்சிக்கும் கங்கைகொண்ட சோழபுரத்திற்கும் வந்து, மைத்துனன் அதிராசேந்திரனை அரியணையில் அமர்த்திச் சென்றான் என்று அவனுடைய அவைப்புலவர் பில்கணர் எழுதியுள்ளார். ஆயினும் சிறிது காலத்தில் அதிராசேந்திரன் மறைந்தான்; சோழநாடு மூன்று தலைமுறை உறவுடைய வேங்கி மருமகனை ஏற்றுக்கொண்டது. ஒரு தலைமுறைத் துணை படையைத் தந்தது. மூன்று தலைமுறை உறவோ உரிமையைத் தந்தது.

இதனைக் கொண்டு நம் முன்னோர் மணவுறவில் அன்பையன்றி வேறொன்றும் நாடவில்லை என்று நான் கூற வரவில்லை. வீரராசேந்திரன் குலோத்துங்கனின் தாய்மாமனே. எனினும் வேங்கி அரியணையை மருமகனுக்கு அளிக்காமல், அவனுடைய சிற்றப்பன் விசயாதித்தனுக்கே அளித்தான். 'முறை' என்பது அன்பைக் குறிக்கும் சொல் அன்று. உரிமையையும் கடமையையும் குறிக்கும் சொல். அவ்வுரிமை மறுக்கப்படலாம். ஆனால் அழிந்துபோவதில்லை.

சொல் இல்லாத இடம்

விளையாட்டில் இன்ன உறவினர் இன்னாரை மணக்கலாம் என்னும் விதி சமயத்துக்குச் சமயம் வேறுபடும். அது நல்ல ஏற்பாடே. ஆனால் ஒரு குறை. சிற்றப்பன் மகளும் மாமன் மகளும் அங்கே ஒரே கட்டத்தில் அடங்குவர். ஒரு சமயம் அனுமதித்தால் இருவரையும் மணக்கலாம். விலக்கினால் இருவரும் விலக்கு. நமக்கோ சிற்றப்பன் மகள் தங்கை; மாமன் மகள் முறைப்பெண். முன்னவள் வீட்டார் பங்காளிகள். பின்னவள் வீட்டார் மாமன் மச்சான்கள். தமிழ் உறவுமுறை முழுவதும் இவ்வேறுபாட்டின் மீதே நிற்கிறது. தமிழ்நாட்டில் தங்கி ஆராய்ந்த பிரெஞ்சு மானிடவியலறிஞர் லூயி துய்மோன் 1957ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், இங்கே மணவுறவு ஒரு தலைமுறையின் நிகழ்ச்சி அன்று, சொத்தைப்போல வழிவழி வருவது என்று விளக்கினார். அவர் நூலெழுதிச் சொன்னதை நம் பாட்டிமார் 'விட்டுப்போன உறவைத் தொட்டுக்கொள்ள வேண்டும்' என்று சொல்லி முடித்துவிடுவர்.

நெருங்கிய உறவில் மணம் செய்தால் பிறக்கும் குழந்தைக்குப் பரம்பரை நோய்கள் வரும் வாய்ப்பு மிகுதி என்று இன்றைய மருத்துவம் கூறுவதையும், அம்மணங்கள் குறைந்து வருவதையும் நான் அறிவேன். அவற்றை மீண்டும் தொடங்குக என்று கூறவில்லை. மணத்தைக் கைவிடலாம். அதனோடு சேர்ந்து பிறந்த சொற்களையும் கைவிட வேண்டுமா என்பதே என் வினா. விளையாட்டில் இரு அரசர் பிள்ளைகளை மணமுடித்துத் துணைவராகும் நிலைக்குத் தமிழில் 'சம்பந்தி' என்று ஒரு சொல் உண்டு. ஆங்கிலத்தில் அதற்கு நிகரான தனிச்சொல் இல்லை. சொல் இல்லாத இடத்தில் அந்த உறவு, படை எண்ணிக்கை காட்டும் வெறும் குறியாகிவிடுகிறது. தில்லியில் வளரும் நம் பிள்ளைகளுக்கோ 'அங்கிள்', 'ஆண்ட்டி', 'கசின்' என்னும் மூன்று கட்டங்களே போதுமானவையாகிவிட்டன. விளையாட்டைக் குறைகூறும் முன் நம் வீட்டுப் பேச்சையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதனை நான் உணர்ந்தது சென்ற தைத் திங்களில். கும்பகோணத்தில் வாழ்ந்த என் தமக்கை இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அவர் மகளுக்குத் திருமணம். சீர்வரிசையோடு குடும்பத்துடன் புறப்பட வேண்டும் என்று நான் சொன்னபோது என் மகன், "அத்தைதான் இல்லையே அப்பா, நாம் ஏன் போகவேண்டும்?" என்று கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டான். மணமக்களுள் ஒருவர் இறந்தால் துணை அற்றுப்போகும் என்னும் விதி என் நினைவுக்கு வந்தது. அவனுக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. என் பணிப்பதிவேட்டில் 'குடும்பம்' என்று தலைப்பிட்ட பட்டியலிலும் தமக்கை மகளுக்கு இடமில்லை என்பதை எண்ணிக்கொண்டேன்.

திருமண மண்டபத்தில் என் தமக்கையின் கணவர் வாசல்வரை வந்து என் கையைப் பற்றிக்கொண்டார். "மாப்பிள்ளை, நீங்கள் கையைப் பிடித்து அழைத்து வந்தால்தான் பெண் மணவறைக்கு வருவாள், உங்களுக்காகத்தான் காத்திருக்கிறோம்" என்றார். நான் அழைத்து வந்தேன். சிறிது நேரத்தில், "மாமன் மகன் எங்கே? கூப்பிடுங்கள்" என்று ஒரு மூதாட்டி குரல் கொடுத்தார். தன்னைத்தான் அழைக்கிறார்கள் என்று என் மகனுக்கு விளங்கவில்லை. யாரோ அவன் தோளைத் தொட்டு அழைத்துச் சென்று, கையில் ஒரு தாம்பாளத்தைக் கொடுத்து முன்வரிசையில் நிறுத்தினார்கள். அவன் முகத்தில் அப்பொழுது தோன்றிய திகைப்பும் பெருமையும் என் கண்ணில் இன்னும் நிற்கின்றன.

குரூசேடர் கிங்ஸ் நல்ல படைப்பு. அரசியலின் வேர் வீட்டில் இருக்கிறது என்று கற்பிக்கிறது. வாக்குத் தவறினால் பெருமை குறையும் என்று உணர்த்துகிறது. வரலாற்று நூலைத் தொடாத பிள்ளையை வேங்கி எங்கே இருக்கிறது என்று கேட்க வைக்கிறது. ஐரோப்பிய அரச குடும்பங்களை அது நன்கு அறிந்திருக்கிறது. நம் நிலத்தை நிலப்படத்தில் சேர்த்தவர்கள், அந்நிலத்து மக்களின் உறவைச் சேர்க்க மறந்துவிட்டனர். மகள்வழிப் பேரனுக்கு இருகுல உரிமை, வழிவழி தொடரும் சம்பந்தம், பங்காளிக்கும் மாமனுக்கும் வேறு வேறு கட்டம் என்னும் இம்மூன்றையும் சேர்த்தால், அவ்விளையாட்டில் குலோத்துங்கனும் பிறக்க முடியும்.

தில்லிக்குத் திரும்பும் வண்டியில் என் மகன் ஒரு தாளையும் எழுதுகோலையும் எடுத்துக்கொண்டு, திருமணத்தில் கண்டவர்கள் ஒவ்வொருவரும் தனக்கு என்ன முறை என்று கேட்டு எழுதத் தொடங்கினான். நான் சொல்லச் சொல்ல எழுதினான். விசயவாடா வந்தபோது தாளின் ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. மறுபக்கத்தைத் திருப்பிக்கொண்டு, "மேலே சொல்லுங்கள் அப்பா" என்றான்.